தெரேசா படியேறிய ரெக்கோட் பார்

தெரேசாவுக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துத்தான் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். தமிழ் நன்றாக வாசிப்பாள். ஜெபப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் வாசிப்பாள். பஸ் பலகையில் இருக்கிற சிங்களமும் தட்டுத் தடுமாறி வந்துவிடும். ஆங்கிலம் மட்டும் அந்த மூன்றோடு நின்றுபோயிற்று. அதையும் எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணம் முடித்த காலத்தில், சம்பள நாள் பின்னேரங்களில், புருஷனைத் தேடி ஹந்தானையிலிருந்து கண்டி டவுனுக்கு இறங்கி வருவாள். ஒரு பச்சைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் கால் கடுக்க நிற்பாள். கதவுக்கு மேலே எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்ததுதான். வயிறு பருத்த ஓர் எழுத்து, கூடாரம் போல ஓர் எழுத்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு நிற்கிற ஓர் எழுத்து. பார்.

தெல்தோட்டையில் பிறந்து ஹந்தானைக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தாள். முழங்கால் மடங்க மறுத்த பிறகு மலையை விட்டுவிட்டு, கோயிலில் பீடத்துத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைக்கிற வேலைக்கு வந்தாள். கடவுளுடைய மேசைத்துணியைத் தோய்க்கிற கை என்று அவளுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. வெளியே சொல்லமாட்டாள். சொன்னால் பெருமை பாவமாகிவிடும் என்று பயம்.

அவளுடைய புருஷன் சுவக்கின் பதினெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெசினோடு நின்றவர். இப்போது மலைப்பாதையில் இருக்கிற ஒரு ஹோட்டலில் கேட் வாட்ச்சர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தார். மகள் சமந்தா முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக மகள் முழந்தாளில் இருக்க, முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து குறட்டை விட்டார். கோயிலே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குறட்டை மட்டும் மேலே ஏறிப் போனது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே சுவக்கின் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று நேர்ச்சை வைத்தார். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்றார். அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய்தான் கணக்கு. பதின்மூன்றும் முடிந்த அன்று தெரேசாவைப் பார்த்து, "இன்னொரு பதின்மூணு போட்டுப் பாப்பமா?" என்று கேட்டார். அது முடிய இன்னொன்று. இப்படியே பதின்மூன்று பதின்மூன்றாகப் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று அந்த மனுஷன் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லப் பயம். அந்தப் பயம்தான் அவரைக் காப்பாற்றுகிறது என்று தெரேசா நினைப்பாள். ஒருத்தர் மட்டும் சுமந்தால் தோள் நோகுமே என்று, அவளும் அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டாள்.

போன வருடம்தான் ஏதோ மாறத் தொடங்கியது.

"மீன்காரன் வாறான், வாங்கவா?" என்று கேட்டால், "ஆமா, மேல மூட்டமாத்தான் இருக்கு" என்பார். பக்கத்தில் நிற்பவளிடம் அடுத்த மலையில் நிற்பவளைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்திப் பேசுவார். இல்லாவிட்டால் பேசாமலே இருப்பார். ஜெபமாலை சொல்லும்போது அவள் முதல் பாதியைச் சொல்லி முடிக்க முன்னமே அவர் மறுபாதியைத் தொடங்கிவிடுவார்; சில நாள் அவள் முடித்த பிறகும் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். சனிக்கிழமைகளில் வேலை பகலோடு முடியும். ஆனால் வீட்டுக்கு வருவது பின்னேரம் ஐந்து மணிக்கு. வரும்போது முகத்தில் ஒரு சாந்தம், தூங்கி எழும்பின பிள்ளையுடையது போல. வாயில் கராம்பு வாசம்.

கராம்பு எதற்கு மெல்லுவார்கள் என்று குடிகாரன் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் தெரேசா அதைத் தன் வாயால் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போலிருந்தது.

போன புதன்கிழமை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பரா வீட்டுப் பரிமளம் வந்து குடத்தை இறக்கினாள். பரிமளம் கண்டி டவுனில் மாநகரசபைக்கு வீதி கூட்டுகிறவள்.

"அக்கா, சொல்லலாமா வேணாமான்னு நாலு நாளா வயித்துக்குள்ள வெச்சிருக்கேன்."

"வயித்துல வெச்சா புளிச்சுப் போகும். சொல்லு."

"சனிக்கிழம அண்ணன் ஒரு பார்ல ஏறிப் போனாரு. யட்டிநுவர வீதிக்குப் பக்கத்துச் சந்து. மாடிப் படி. யாரோ தொரத்துற மாதிரி வெரசா ஏறுனாரு."

"அவருதான்னு எப்படிச் சொல்ற?"

"அந்தத் தொப்பியும் அந்த நடையும் கண்டியில வேற யாருக்கு இருக்கு? நானும் வெளக்குமாத்தப் போட்டுட்டு நின்னு பாத்தேன். அர மணித்தியாலம். எறங்கவே இல்ல."

"பார்னு உனக்கு யாரு சொன்னா? உனக்குத்தான் ஒரு எழுத்தும் தெரியாதே."

பரிமளம் இடுப்பில் கை வைத்தாள். "நல்லாக் கேட்டீங்க! எங்க வீட்டு ஆளு செத்து ஆறு வருசமாச்சு. அந்த மூணு எழுத்து மட்டும் என் கண்ண விட்டுப் போகல. ஒங்களுக்கும் எனக்கும் ஒரே பள்ளிக்கூடந்தானே அக்கா, அந்தப் பச்சக் கதவு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் தெரேசாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அன்று மகளுக்குப் போன் எடுத்தாள். சமந்தா வத்தளையில் குடும்பமாக இருக்கிறாள். தாய் சொன்னது முழுவதையும் கேட்டாள். பிறகு, "அம்மா, மறுபடியும் அந்தக் கூத்தப் பாக்க உங்க ஒடம்பு தாங்காது. உண்மன்னா ரெண்டு சேலைய எடுத்துக்கிட்டு இங்க வந்துருங்க" என்றாள். சனிக்கிழமை பகல் தெரேசா வீட்டை விட்டு இறங்கும்போது கைப்பையில் ஜெபமாலையும், அதற்குக் கீழே இரண்டு சேலையும் இருந்தன. கண்ணால் பார்த்துவிடுவது. பார்த்தது உண்மையென்றால் அப்படியே வத்தளை பஸ்.

அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மேலேயிருந்து பஸ் இறங்க இறங்க, வாவித் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. டவுன் முழுவதும் பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மாதிரி இருந்தது. வாகனங்கள் போயின, ஆட்கள் பேசினார்கள், எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பது போல. தெரேசா சந்துக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தாள். நீளமான பலகை. அதன் கடைசியில், அவளுக்குப் பழக்கமான அந்த மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற மற்ற எழுத்துகள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

மரப்படி. ஒரு படிக்கு ஓர் அருள் நிறைந்த மரியே. பத்தொன்பது படி ஏறினாள். கதவு திறந்தே இருந்தது.

உள்ளே சாராய வாசம் வரவில்லை. பழைய கடதாசி மட்டை வாசமும் இஞ்சி வாசமும் வந்தன. சுவர் நெடுக மரப்பெட்டிகள். பெட்டி நிறையச் சதுர மட்டைகள், பீடத்துத் துணிகளை அடுக்கினாற்போல நெருக்கமாக. பல்கலைக்கழகத்துக் கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர் ஒவ்வொரு மட்டையாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எங்கேயோ மெல்லியதாக ஒரு பெண் குரல், என்ன பாஷையென்று பிடிபடாமல், இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. கூரைக் கண்ணாடி ஓடு ஒன்றின் வழியாக அந்தச் சாம்பல் வெளிச்சம் நடுத் தரையில் விழுந்து கிடந்தது. கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு இருக்கிற அமைதி அங்கே இருந்தது. தெரேசா தன்னை அறியாமல் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

"வாங்க அக்கா, உள்ளுக்கு வாங்க" என்றார் கடைக்காரர். நரைத்த தாடி, வலைத் தொப்பி, கையில் ஒரு மெல்லிய துணி. அந்தத் துணியால் ஒரு கறுப்புத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் ஸாகி.

"போத்தல் எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் தெரேசா.

"என்ன போத்தல்?"

"கீழ பார்னு போட்டிருக்கே."

ஸாகி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க நாலாவது ஆள் அக்கா! போன மாசம் பொலிஸ்காரர் ஒருத்தர் லைசன் கேட்டு ஏறி வந்தாரு. இது ரெக்கோட் பார். பாட்டு ரெக்கோட். எங்கட வாப்பாட காலத்துல கண்டியில பாட்டுக் கடைய எல்லாரும் ரெக்கோட் பார் என்டுதான் சொல்லுவாங்க. வாப்பா வெச்ச பேர மாத்த எனக்கு மனசு வரல்ல. பள்ளிவாசல்ல இன்னமும் என்னக் கேலி பண்றாங்க. குடிக்கிறதுக்கு இங்க பிளேன்டீ மட்டுந்தான் ஈக்கி. இஞ்சியும் கராம்பும் போட்டு. ஊத்தவா?"

கராம்பு. தெரேசா அந்தச் சொல்லை மனதுக்குள் இன்னொரு தரம் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருடம் அவள் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று இப்போதுதான் வெளியே போனது போலிருந்தது.

"என் வீட்டுக்காரரத் தேடி வந்தேன். சுவக்கின்னு பேரு."

"அட, சுவக்கின் அண்ணன்ட வீட்டு ஆளா? அந்தா ஈக்கிறாரு."

ஜன்னலோரம் ஒரு பிரம்புக் கதிரை. அதில் சுவக்கின் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தொப்பி மடியில். இரண்டு காதையும் மூடி ஒரு பெரிய ஹெட்போன். பக்கத்து மேசையில் ஒரு தட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. தெரேசா கிட்டப் போனாள். தட்டில் பாட்டு முடிந்துவிட்டதென்று அவளுக்கே தெரிந்தது. ஊசி நடு வட்டத்துக்குப் போய், போன இடத்திலேயே திரும்பத் திரும்பச் சுற்றியது.

"பாட்டு முடிஞ்சிருச்சுங்களே" என்றாள்.

"முடிஞ்சு இருவது நிமிசம் அக்கா. எடுக்க வேணாம் என்டு சொல்லுவாரு. அவரு இங்க வாறது பாட்டுக்கில்ல. பழைய தட்டுல பாட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு கரகர சத்தம் வரும். மத்த ஆக்கள் அதுக்குத்தான் என்னோட சண்ட பிடிக்கிறது. இவரு, ஆகக் கீறல் விழுந்த தட்டாத் தாங்க என்டு கேப்பாரு. தகரத்துல மழ பெய்யிற சத்தமாம். வீட்டுல மழ பெய்ஞ்சு ஒரு வருசமாச்சு என்டு சொன்னாரு."

"வீட்டுல நேத்தும் மழதானே?"

ஸாகி அவளைப் பார்த்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதா? யா அல்லாஹ், நான் சொல்லிட்டனே. அவருக்குக் காது… ஹோட்டலுக்கு ஒரு பார்சல் எடுக்க வந்தாரு அக்கா, பெருநாளுக்கு முந்தி. நான் பேசினது ஒன்டும் வெளங்கல்ல அவருக்கு. சும்மா பகிடிக்கு ஹெட்போன மாட்டிச் சத்தத்த முழுசாத் திருப்பி விட்டேன். அந்த இடத்துலயே அழுதுட்டாரு. மெசின் சத்தம் தின்ட காதாம். கேட்டுல வாகனம் ஹோன் அடிக்கிறது கேக்காட்டி வேல போயிடும் என்டு யாருக்கும் சொல்லல்ல."

தெரேசா திரும்பிச் சுவக்கினைப் பார்த்தாள். மீனுக்கு மூட்டம் என்று சொன்ன பதில். வாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண். முந்தியும் பிந்தியும் வந்த ஜெபம். அவளுடைய உதடு அசைவதைப் பார்த்தல்லவா அந்த மனுஷன் இத்தனை நாளும் மறுபாதியைச் சொல்லியிருக்கிறார்! ஹோட்டல் முதலாளி, "உங்க சுவக்கின் உக்காரவே மாட்டான், நல்ல வேலக்காரன்" என்று புகழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தால் பாதை தெரியாது. வருகிற வாகனத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டுமே! அதற்காக நாள் முழுக்க நின்றிருக்கிறார். ஒவ்வொரு பின்னேரமும் அந்த வீங்கின காலுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்துக்கொண்டே, மனதுக்குள் குடிகாரன் என்று நினைத்திருக்கிறாள் அவள்.

கைப்பை கனத்தது.

"இப்ப அவரத் தொட்டு எழுப்பினா பயந்துருவாரு" என்றாள் மெதுவாக.

ஸாகி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து தூசி படிந்த மைக் ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, வயரை மெசினின் பின்னால் செருகினார். "வாப்பா கசட்டுல கல்யாண வாழ்த்துப் பேசின மைக். வேல செய்யும். நீங்க இதுல பேசினா நேர அவர்ட காதுக்குள்ள போகும்."

அவர் ஊசியைத் தூக்கினார். சுவக்கினுடைய நெற்றி சுருங்கியது. மழை நின்றுவிட்டதல்லவா. தெரேசா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர்கள் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாள். தான் ஒரு நாளும் பிடித்ததில்லை.

"என்னங்க" என்றாள்.

சுவக்கினுடைய கண் திறக்கவில்லை. ஆனால் முகம் முழுவதும் ஏதோ ஒன்று ஓடியது, தண்ணீரில் காற்றுப் போவது போல. கை தானாக எழும்பி ஹெட்போனை அழுத்திப் பிடித்தது.

"என்னங்க, நான்தான்."

அவர் கண்ணைத் திறந்தார். மனைவி மூன்றடி தூரத்தில் நிற்கிறாள். அவள் குரல் தலைக்குள்ளேயே கேட்கிறது. சிலுவை போட்டுக்கொண்டார். "நீ எங்கேருந்துடீ பேசுற?" என்று கத்தினார். கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"கத்தாதீங்க. இது கடை. நீங்க மெதுவாப் பேசினாலும் எனக்குக் கேக்கும்."

"ஆமால்ல" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். அப்போதும் சத்தம்தான். "உன் குரல் இப்படியா தெரேசா இருந்துச்சு? மறந்தே போச்சு புள்ள. உன் வாய் மட்டும் பூட்டுன வீட்டுக்குள்ள ஆளு பேசுற மாதிரி அசையும். ஒன்னும் வெளிய வராது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஃபாதர்கிட்ட சொல்லுவ, ஃபாதர் பூசையில வேண்டுதல் வைப்பாரு, முதலாளிக்குக் கேட்டுரும். ஊர்ல எனக்கு மட்டுந்தானே காது கேக்காது."

ஸாகி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். தெரேசாவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

"திங்கக்கிழம பெரியாஸ்பத்திரி காது கிளினிக்குக்குப் போறோம். நானும் வாறேன். முதலாளிகிட்ட நானே பேசுறேன். வாகனம் வந்தா ஹோன் அடிக்காம லைட்ட அடிக்கச் சொல்லுவோம். லைட்டு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"லைட்டுத் தெரியும்" என்றார் சுவக்கின், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல. "வேலைய விட்டு நிப்பாட்டினா?"

"நிப்பாட்டினா பாத்துக்கலாம். நின்னு நின்னு காலப் பாருங்க."

தெரேசாவுக்கு இத்தோடு மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. அவள் எதற்கு வந்தாள் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்கவும் மாட்டார். சேலை இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப அலுமாரியில் வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு முன்னால் இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் எப்படி முழந்தாளிடுவது?

அவள் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். ஸாகி அதைப் பார்த்துவிட்டு, பிளேன்டீ ஊற்றப் போகிறவர் போலப் பின்கட்டுக்குள் போய்விட்டார்.

"நீங்க திரும்பக் குடிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "இது சாராயக் கடைன்னு நெனச்சுத்தான் ஏறி வந்தேன். உண்மன்னா அப்படியே மககிட்ட போயிரலாம்னு சேல எடுத்துட்டு வந்தேன். பதினாலு வருசம் நீங்க காப்பாத்துனத நான் ஒரு கராம்பு வாசத்துல தள்ளிட்டேன். என்னய மன்னிச்சிருங்க."

ஜன்னல் வெளிச்சம் சுவக்கினுடைய நரைத்த மீசையில் விழுந்திருந்தது. ஒரு தரம் அவளுடைய கைப்பையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கிற ஓட்டுக் கூரைகளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரேசாவுக்குச் சொல்லத் தெரியாது. கடைக்குள் பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கிவிட்டாள்.

கடைசியில் அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் சரிசெய்து காதோடு அழுத்திக்கொண்டார்.

"எனக்குச் சரியாக் கேக்கல" என்றார். "இன்னொருக்காச் சொல்லு."

மெசினின் சத்தத் திருகு முழுவதும் திருப்பித்தான் இருந்தது. அவருடைய மீசைக்குக் கீழே உதடு சிரிப்பில் கோணுவதைத் தெரேசா பார்த்தாள். அந்த மனுஷனோடு முப்பது வருடம் வாழ்ந்தவளுக்கு, அவருக்கு எது கேட்டது எது கேட்கவில்லை என்று இனிமேல் தெரியாமல் போகுமா? பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தாள்.

இரண்டாம் முறை இன்னும் மெதுவாகச் சொன்னாள். அதுவும் அவருக்குக் கேட்டது.